பொட்டு வைத்த ஓட்டைகள்

காற்று இலவசம் என்று நம்பிய முட்டாள் நான். தெருவில் போகிறவன் நம்பியிருந்தால் பரவாயில்லை. ‘கம்ப்ரசர் அறைப் பொறுப்பாளர்’ என்று எழுதிய பலகைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நம்பினேன். மதியம் சாப்பிட்டதும் ஏர் குழாயைச் சட்டைக்குள் விட்டு உடம்பை ஆற்றிக்கொள்வேன். (நீங்கள் செய்யாதீர்கள். அந்த அழுத்தம் ஆளைக் கொல்லும். என்னை ஏன் விட்டுவைத்தது என்று இன்றும் தெரியவில்லை.) ஒரு மழை நாளில் நனைந்த பனியனைக் குழாய் முனையில் பிடித்து உலர்த்தப் பார்த்தேன். அது கையை விட்டுப் பறந்து மணல் கலக்கும் இயந்திரத்துக்குள் போய் விழுந்தது. அன்றைக்கு வார்த்த பம்பு உடம்புகளில் பல பொத்தலாக வந்தன. மணல் சரியில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் கூடவே நின்று தலையாட்டினேன்.

புதிதாக ஆலை வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆலையில் எல்லாவற்றையும்விட விலை கூடிய பொருள் அழுத்தக் காற்றுதான் என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே படம் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். கம்ப்ரசர் தின்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும், மிஞ்சுவதுதான் குழாயில் வரும் காற்று என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஒழுகும் காற்றை எப்படிப் பிடிப்பது, அழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று என்னைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு ஓட்டையை அடைத்த கதையை மட்டும் சொல்கிறேன். சரியாகச் சொன்னால் ஒரு குழாயில் வரிசையாக இருந்த ஓட்டைகள்.

திண்டிவனத்துக்கு வெளியே பம்பு உடம்புகளை இரும்பில் வார்க்கும் பவுண்டரி அது. நான் விழுப்புரத்தில் குடியிருந்தேன், தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வருவேன். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் மழை ஏமாற்றியது. அணைகளில் தண்ணீர் இல்லை என்று ஆலைகளுக்கு மின்வெட்டு வந்தது. இந்த அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் இணைப்பையே துண்டித்துவிடுவோம் என்று உத்தரவு. எங்கள் ஆலையில் இரும்பை உருக்கியது கரி உலையில். ஆகவே மின்சாரத்தை அள்ளி விழுங்கியவர்கள் இரண்டே பேர்: என் பொறுப்பில் இருந்த இரண்டு கம்ப்ரசர்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு நான் உள்ளே நுழையும்போதே துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரே கம்ப்ரசர்ல மொத்த ஆலையும் ஓடணும். இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். முடியலன்னா பெட்லிங்ல ரெண்டாவது ஷிப்டை எடுத்துடப் போறேன்.”

“அதுல இருக்கறவங்க சார்?”

“டெம்பரரிதானேப்பா” என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பெட்லிங் என்பது வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும், அழுத்தக் காற்றில் ஓடும் உளியாலும் சாணைக்கல்லாலும் அகற்றும் இடம். ஆலையிலேயே அழுக்கான வேலை. நிரந்தர ஆட்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். பெருமுக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த தற்காலிகத் தொழிலாளர்கள்தான் அதைச் செய்தார்கள். அந்த வருடம் அவர்கள் நிலமெல்லாம் காய்ந்து கிடந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டவர்களுக்கு விதை கூடத் திரும்பவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசி அத்தனை பேரையும் அழைத்து வந்தவர் ஏழுமலை அண்ணன். அவரும் அவர்களோடு நின்று அதே சாணையைத்தான் பிடித்தார். ஷிப்டு போனால் அவர் அவர்கள் வீட்டு வாசல்களில் போய் நின்று பதில் சொல்ல வேண்டும்.

ஓட்டைகளைத் தேடக் கிளம்பினேன். கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, பவுண்டரி இரைச்சலில் காற்று ஒழுகும் சத்தம் காதில் விழாது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றால் அன்றைக்குத்தான் ரிப்பேர் வேலை, சம்மட்டி அடி. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் ஆலை முழுவதும் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆயுதபூசை.

பூசை முடிந்தது. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். கம்ப்ரசர் ஆபரேட்டர் தனபாலு மட்டும் அறையைப் பூட்டச் சாவியோடு நின்றிருந்தான். இரண்டு கம்ப்ரசருக்கும் பட்டையாக விபூதி, சந்தனம், குங்குமம், கழுத்தில் மாலை. மாப்பிள்ளைகள் மாதிரி இருந்தன.

“தனபாலு, முதல் கம்ப்ரசரைப் போடு.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “இன்னா சாரு, புத்தி கித்தி பேதலிச்சிடுச்சா? பூச போட்ட மிஷினு. நாளைக்கித்தான் எழுப்பணும்.”

“நாளைக்கு எல்லாரும் வந்துடுவாங்க. அந்தச் சத்தத்துல ஓட்டை எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாட்டிப் போவட்டும். தூங்கற சாமிய உசுப்பிக்கினு, அப்பறம் நமக்குத்தான் பேஜாரு.”

“சாமிக்கு எங்க மூச்சு போவுதுன்னு பாக்கறோம்யா. வைத்தியம்னு நெனச்சிக்கோ.”

“உன் வாய்க்கு ஒரு பூட்டு போட்டு அதுக்கும் பொட்டு வெக்கணும்” என்றான். பிறகு மனம் இறங்கி, “சுவிட்ச நீயே போடு சாரு. பாவம் உன் கணக்குல போவட்டும். நான் கற்பூரம் ஏத்தி மன்னிப்பு கேட்டுக்கறேன்” என்று வத்திப்பெட்டியைத் தேடினான்.

சுவிட்சைப் போட்டேன். யாருமே காற்றைத் தொடாத வேளையில், குழாய்கள் ஒழுங்காக இருந்தால், தொட்டி நிறைந்ததும் கம்ப்ரசர் பளுவிலிருந்து விடுபட்டுச் சும்மா சுற்ற வேண்டும். என் கம்ப்ரசர் அப்படிச் சுற்றவே இல்லை. மலை ஏறுகிறவன் போல மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஆள்கூட இல்லாத ஆலைக்காக அது உயிரைக் கொடுத்து உழைத்தது. அவ்வளவும் ஓட்டைக்கு.

சோப்புத் தண்ணீர் வாளியும் பிரஷ்ஷுமாக நானும் தனபாலுவும் நடந்தோம். ஆலை முழுவதும் சீறியது. இணைப்புக்கு இணைப்பு, வால்வுக்கு வால்வு. சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டிய இடங்கள், சணல் நூலைத் திணித்த இடங்கள். சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனோம். எல்லாவற்றையும்விடப் பெரிய சத்தம் பெட்லிங் கொட்டகையிலிருந்து வந்தது.

அங்கே சுவரோரமாக ஓடிய காற்றுக் குழாயில், ஒவ்வொரு பெஞ்சுக்கும் நேராக, ஆள் முகம் இருக்கும் உயரத்தில், ஒரு சின்ன ஓட்டை. துருப்பிடித்து விழுந்த ஓட்டை இல்லை, டிரில் போட்டு அழகாகத் துளைத்தது. ஒவ்வொன்றையும் சுற்றிச் சந்தனம் தடவி, மேலே குங்குமப் பொட்டு. ஓட்டையில் ஆளுக்கொரு சாமந்தியும் செருகியிருக்கிறார்கள். நாங்கள் கம்ப்ரசரைப் போட்டதும் அவை பறந்திருக்கின்றன. எதிர்ச்சுவர் ஓரமாகப் பூக்கள் சிதறிக் கிடந்தன.

நான் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தேன். உளிக்குப் பொட்டு, சுத்திக்குப் பொட்டு, சாணைக்குப் பொட்டு சரி. ஓட்டைக்குமா? தனபாலு சிரிக்கவில்லை. கீழே கிடந்த பூக்களைப் பொறுக்கி ஒரு பெஞ்சின் மேல் வைத்தான். அவன் பக்திமான், அதனால்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கேன்டீனில் அதுதான் என் கச்சேரி. “ஓட்டைக்கெல்லாம் பூசை போடறாங்கப்பா. அடுத்த வருஷம் என் சட்டைப் பைக்கும் ஒரு பொட்டு வெக்கச் சொல்லணும்.” நன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சூட்டோடு, மரக்கட்டையில் செதுக்கிய ஆப்புகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெட்லிங் கொட்டகைக்குப் போனேன். ஏழுமலை அண்ணன் ஒரு பம்பு உடம்பைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு எதிரே இருந்த ஓட்டையில் ஓர் ஆப்பை வைத்து அடித்தேன்.

ஊதிக்கொண்டிருந்த காற்று நின்றது. அடுத்த நொடியே அவர் முகம் காணாமல் போனது. சாணையிலிருந்து கிளம்பிய புகைபோன்ற மணல் தூசி, அதுவரைக்கும் பக்கவாட்டில் ஒதுங்கிப் போனது, நேராக மேலே எழும்பி அவர் தலையை மூடியது. ஒரு பக்கமாக நின்றிருந்த எனக்கே தொண்டை அடைத்து இருமல் வந்துவிட்டது. சாணை நின்றது. தூசிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“எடு சாரு அத்த.”

எடுத்தேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், திரும்ப ஏதாவது ஜோக் அடித்திருப்பேன். அந்தக் கொட்டகையில் அந்த ஓட்டைகளைப் போட்டது அவர்தான் என்று அன்றைக்கு மாலை தனபாலு சொன்னான். முன்பு இருமி இருமி வேலையை விட்டுப்போன ஆட்கள் உண்டாம். அதற்குப் பிறகு துளைத்தாராம். உளிக்கும் சாணைக்கும் அடுத்து அவர்களுக்கு அதுவும் ஓர் ஆயுதம். பொட்டு வைக்காமல் என்ன செய்வார்கள்?

ஓர் ஓட்டையைப் பார்த்தால் எவ்வளவு காற்று போகிறது என்று கேட்பீர்கள். அது சரியான கேள்விதான். அதற்கு முன்னால், இதை நம்பி யார் நிற்கிறார் என்று கேளுங்கள்.

பெட்லிங் குழாயை விட்டுவிட்டு மற்ற அத்தனை ஓட்டைகளையும் அடைத்தோம். இணைப்புகளைக் கழற்றிப் பூட்டினோம், கிழிந்த ரப்பர் குழாய்களை மாற்றினோம். யாருக்கும் உதவாமல் பழைய கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கிளைக் குழாயையே வெட்டி எறிந்தோம். ஒரு கம்ப்ரசரை நிறுத்திப் பார்த்தோம். காலையில் தாங்கியது. மதியம் மணலில் வார்ப்பு அச்சு எடுக்கிறவர்களும் பெட்லிங்காரர்களும் சேர்ந்து காற்றை இழுத்தபோது அழுத்தமானியின் முள் சரிந்தது. அச்சு இயந்திரம் மணலை அமுக்க முடியாமல் பாதியில் நின்றது. முள் எவ்வளவு சரிந்ததோ, அவ்வளவும் பொட்டு வைத்த அந்த ஓட்டைகளில் போய்க்கொண்டிருந்தது. கணக்கில் தப்பு இருக்காதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் சரியாக வராத கணக்கு அன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது.

மாற்று இல்லாமல் இல்லை. முகத்துக்கு எதிரே இதமாகக் காற்று வீச, இரும்பைக் குடையும் அழுத்தத்தில் காற்று எதற்கு? பாலைச் சுண்டக் காய்ச்சி அதில் கால் கழுவுகிற மாதிரிதான் அது. ஒரு சின்ன ப்ளோயர், அதாவது விசிறிச் சக்கரம் வைத்த ஊதுபெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு அகலமான தகரக் குழாய். கம்ப்ரசர் தின்பதில் ஒரு துளிதான் அது தின்னும். மேனேஜரிடம் ஓடினேன்.

“நல்ல ஐடியா” என்றார். “முதல்ல ஒரே கம்ப்ரசர்ல ஓட்டிக் காமி. உடனே ப்ளோயருக்கு எழுதிடலாம்.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நேராக ஏழுமலை அண்ணனிடம் போனேன். டீ நேரம். கழித்துப் போட்ட வார்ப்புகளின் குவியல் மேல் அவரும் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஷிப்டு விஷயம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஜோக் இல்லாமல்.

“பொட்டு வெச்ச பைப்ப அடைக்கறதா?” என்றான் ஒருவன்.

“அடைச்சாத்தான் ஒனக்கு வேல” என்றான் இன்னொருவன்.

“வேல இருந்துகினு மூச்சு இல்லன்னா?”

“மூச்சு இருந்துகினு சோறு இல்லன்னா? போடா, பேச வந்துட்டான்.”

ஏழுமலை அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். “அந்த ஊதற பொட்டி எப்ப வரும் சாரு?”

“பொங்கலுக்குள்ள வந்துடும்ணே.”

“வருமா?”

“நான் பொறுப்பு.”

அவர் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “ஷிப்டு போச்சுன்னா இவனுங்க எங்க போவானுங்க? ஊர்ல மல்லாட்டையும் இல்ல, கேப்பையும் இல்ல. ரெண்டு மாசந்தான, துண்ட நனைச்சி மூஞ்சியில கட்டிக்கலாம்.” என் கையிலிருந்த ஆப்புகளை வாங்கிக்கொண்டு அவரே எழுந்தார். ஒவ்வோர் ஓட்டையாக அடித்துக்கொண்டே போனார். தன் பெஞ்சுக்கு நேரான ஓட்டையைக் கடைசியில் அடித்தார்.

ஒரு கம்ப்ரசரில் ஆலை ஓடியது. முள் அசையவில்லை. இரண்டாவது ஷிப்டு பிழைத்தது, ஓர் ஆள்கூட ஊருக்குத் திரும்பவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். மின்சாரத்தைச் சேமித்த சிங்கம் என்றார். சால்வையோடு எடுத்த படத்தில் நான் சிங்கம் மாதிரி இல்லை, குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி இருக்கிறேன்.

சால்வை சூடு ஆறுவதற்குள் ப்ளோயரைப் பற்றிக் கேட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஓடுதில்ல? அப்பறம் எதுக்கு?”

“அவங்களுக்குத் தூசி சார். நான் சொல்லியிருக்கேன் அவங்ககிட்ட.”

“நான் சொல்லலியேப்பா. மின்வெட்டு இருக்கறப்ப புது மோட்டார் ஒண்ணு வெக்கறேன்னு மேல எழுதினா, சேமிச்சோம்னு சொன்னது பொய்யான்னு கேப்பாங்க. மழை வரட்டும், பாக்கலாம்.”

கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள், அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது. அவருக்கு என்ன தேவையோ அதை நான் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். என் கையில் இருந்த ஒரே பிடி அந்த ஓட்டைகள்தான். ‘ப்ளோயரை வையுங்கள், வைத்த மறு நிமிடம் அடைக்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. நான் நல்ல பிள்ளையாக அடைத்துவிட்டுப் போய்க் கையை நீட்டினேன். ஒருவருடைய மூச்சுக்கு மாற்று வழி சொல்கிறீர்கள் என்றால், அந்த மாற்று வந்து ஓடத் தொடங்கும் வரைக்கும் பழையதை மூடாதீர்கள். எவ்வளவு மின்சாரம் வீணானாலும் மூடாதீர்கள். இந்தத் தொழிலில் இவ்வளவு வருடம் இருந்த எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

பொங்கல் வந்தது, போனது. பெட்லிங் கொட்டகையில் எல்லோரும் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் துண்டு காய்ந்து, அதில் தூசி அப்பிக் களிமண் முகமூடி போல் ஆகிவிடும். ஏழுமலை அண்ணனுக்கு ஏற்கெனவே நெஞ்சில் கொஞ்சம் கோளாறு இருந்திருக்கிறது. இப்போது அவர் இருமுவது கம்ப்ரசர் அறை வரைக்கும் கேட்டது. நான் கொட்டகை வழியாகப் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போக ஆரம்பித்தேன்.

“இன்னா சாரு, அந்தப் பக்கமே காணம் உன்ன?” என்றான் தனபாலு.

“நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரு சொன்னாரு.”

“யாரு உடம்புக்கு?” என்று கேட்டுவிட்டு எண்ணெய் ஊற்றப் போய்விட்டான்.

ஒரு நாள் மனசு கேட்காமல் ஏழுமலை அண்ணனின் பெஞ்சுக்கு நேரான ஆப்பை மட்டும் பிடுங்கி விட்டேன். ஒரே ஓட்டைதானே, முள் தாங்கும். அவர் சாணையை நிறுத்திவிட்டு, தரையில் கிடந்த ஆப்பை எடுத்தார்.

“எனக்கு மட்டும் ஊதுனா, பக்கத்துல நிக்கறவன் இன்னா நெனப்பான்?”

“அண்ணே, உங்களுக்குத்தான் இருமல்...”

“அவனுக்கும் வரும்.” ஆப்பைத் திரும்ப வைத்து அடித்தார். அடித்துவிட்டு இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று.

சித்திரை பிறந்த பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. புது மோட்டார்தானே கூடாது? நிறுத்தி வைத்திருந்த இரண்டாவது கம்ப்ரசருக்குத் தண்ணீர் சுற்றவிடும் குட்டி மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அரிசி ஆலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உமியைப் பறக்கடிக்கும் ப்ளோயர் ஒன்று அங்கே மூலையில் சாய்ந்து நின்றது. ஆலைக்காரரிடம் கெஞ்சி வாங்கினேன். மறுநாள் பாசஞ்சரில் அதை ஏற்றி, சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். டிக்கெட் பரிசோதகர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாய்யா இது?”

“உமி ஊதறவர் சார். வேல தேடி திண்டிவனம் வர்றாரு.”

அவர் சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். நான் சிரிக்கவில்லை. சித்திரையில் செய்ததை ஐப்பசியிலேயே செய்திருக்கலாம். அப்போதும் அந்த அரிசி ஆலை அந்தத் தெருவில் பூட்டித்தான் கிடந்தது. குட்டி மோட்டாரும் கம்ப்ரசரை நிறுத்திய நாளிலிருந்தே சும்மாதான் கிடந்தது. மேனேஜர் தருவார், மேனேஜர் தருவார் என்று நான் அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனபாலுவும் நானும் தகரத்தை வளைத்துக் குழாய் செய்தோம். ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு வாய். ஓட்டியபோது தூசி பழையபடி ஒதுங்கிப் போனது. இன்னும் சொன்னால் பழையதைவிட நன்றாகப் போனது. காற்றும் முகத்தில் அறையாமல் மெதுவாக வீசியது. ஆட்கள் துண்டை அவிழ்த்து உதறினார்கள். மின்சார மீட்டரில் வித்தியாசம் தெரியவே இல்லை. மேனேஜர் வந்து பார்த்தார்.

“யாரைக் கேட்டு வெச்ச?”

“ரெண்டாவது கம்ப்ரசரைக் கேட்டேன் சார். சும்மாதான் இருக்கேன், எடுத்துக்கோன்னு சொல்லிச்சு.”

ஒரு தகர வாயில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் அதை அவரே முன்னால் நின்று காட்டினார். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் காட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் அதை யாரும் கழற்ற மாட்டார்கள்.

ஏழுமலை அண்ணனின் பெஞ்சில் யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அங்கேயும் தகர வாய் ஒன்றை வைத்திருந்தோம், அதுவும் மற்றவற்றோடு வீசிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லி அவரை அழைத்து வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு பெருமுக்கல் பக்கம் போனேன். வழி நெடுக ஜோக்குகளை ஒத்திகை பார்த்தேன். உமி ஊதறவர் ரயிலேறிய கதையை எப்படிச் சொன்னால் அவர் சிரிப்பார் என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

வாசலில் அவர் மனைவி அஞ்சலை நெல் புடைத்துக்கொண்டிருந்தார். தூசி உள்ளே போகாதபடி வீட்டுக்கு முதுகைக் காட்டி, தெருப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

“கம்பெனிலருந்தா?”

“ஆமாம்மா. அண்ணனைப் பாக்க வந்தேன்.”

“உள்ளதான் குந்திக்கினு இருக்குது. படுத்தா மூச்சு வர்றதில்ல. ரொம்பப் பேச வெக்காத.”

அவர் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முட்டியின் மேல் தலையணை, அதன் மேல் இரண்டு கையும். தோள் எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின. அழுத்தத்தை எட்ட முடியாமல் மூச்சு வாங்கும் கம்ப்ரசரை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்தை ஒரு மனிதரிடமிருந்து கேட்க நான் தயாராக இல்லை. ஒத்திகை பார்த்த ஜோக் ஒன்றும் வாயில் வரவில்லை.

“வா சாரு” என்றார். “பசங்க இருக்கானுங்களா?”

“இருக்காங்கண்ணே. ஷிப்டு ஓடுது.”

“ஒருத்தனும் வேலைய வுட்டு நிக்கலியே?”

“இல்லண்ணே. எல்லாரும் இருக்காங்க.”

தலையை ஆட்டினார். எனக்குப் பேச்சு வந்துவிட்டது. ப்ளோயர் வந்துவிட்டது, தூசி அண்டுவதே இல்லை, எல்லோரும் துண்டை அவிழ்த்துவிட்டார்கள், மரக்காணம் கடற்கரையில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் மூச்சை எண்ணுவது போல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க பெஞ்சுல யாரையும் நிக்க வுடலண்ணே. அங்கயும் ஊதிக்கினுதான் இருக்குது. நீங்க வர்ற வரைக்கும் அப்படியேதான் இருக்கும், நான் சொல்லிட்டேன். உடம்பு கொஞ்சம் தேறட்டும், வந்து சும்மா நின்னா போதும். வர்றீங்களாண்ணே?”

அவர் கண்ணைத் திறந்தார். இரண்டு மூச்சு இழுத்துச் சேர்த்துக்கொண்டு சொன்னார்:

“வேற ஆள நிறுத்து சாரு, காத்து வீணாப் போவுது.”